வலப்பக்கம் பொருத்திய ரேடியோ

அன்பு மகள் புஜியாத்திக்கு,

இறைவன் கருணையால் நானும் உன் அம்மாவும் மூன்று பசுக்களும் நலம். நீயும் தைவானில் குளிருக்கு இதமாக உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அதற்கு அடுத்தபடியாக உனக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டியது, நம் குடும்பம் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தது. உன் அம்மாவின் மோட்டார் சைக்கிளில் ரேடியோவை ஹேண்டில்பாரின் வலப்பக்கம் பொருத்துவது என்பதே அந்த முடிவு. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. இங்கே வெயில் அடிக்கும்போதே மெராப்பி எரிமலையின் உச்சியில் மழை கொட்டும், சாம்பலும் பாறையும் சேறாகிக் காய்ந்த ஆற்றில் இறங்கி வரும், உனக்குத் தெரியாததல்ல. புல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பசுக்கள் இந்தப் பக்கம். ஆகவே உன் அம்மா தினமும் ஆற்றுப்படுகையில் வண்டியை இறக்கி ஏற்றிப் போகிறாள். பயமாக இருக்கிறது என்று சொன்னேன், புல் தானாக நடந்து வருமா என்று கேட்டாள். அதனால் கடைத்தெருவில் இருந்ததிலேயே விலை குறைந்த வாக்கி டாக்கி இரண்டு வாங்கினேன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று வண்டிக்கு. கண்ணாடிக் கம்பியில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை மாட்டி, பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, மழை படாமல் இருக்க, ஐஸ் போட்டு விற்கிற பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டினேன். ஏரியலைப் பின்சீட்டுக் கம்பிக்குக் கொண்டுபோனேன். வண்டியைக் கிளப்பியதும் மனிதக் குரலே கேட்கவில்லை, ஸ்பார்க் பிளக்கின் படபடப்புத்தான் கேட்டது. மெக்கானிக் வேறு பிளக் மூடி போட்டு, ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்தபின் சரியாயிற்று. ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர், பேசும் பொத்தானுக்கு வீட்டு அழைப்பு மணியின் பொத்தான். அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் கேள்வி. கிளட்ச் இல்லாத வண்டி, இடதுகை சும்மா இருக்கிறது, அங்கேயே வை என்றான் மெக்கானிக். ஆனால் அந்த அலைவரிசையில் நம் சரிவில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பெரியவர்களோடு இடது கையால் பேசுவதா? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் இடது கையைத் தட்டிவிட்டவன் வீட்டிலேயா? "பேசறது வாய்தானேப்பா, கை எங்க பேசுது" என்றாள் உன் அம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கிறதே என்றாள். பேசும்போது வண்டியை நிறுத்திக்கொள், அதுவும் மரியாதைதான் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் புல்லோடு திரும்பிக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் மற்ற ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மலை உச்சி தெரியவில்லை, கறுத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் ஊர்ப்பெரியவர் கர்த்தோபவிரோ வழக்கம்போல அலைவரிசைக்கு வந்து, எல்லோரிடமும் அனுமதி கேட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். உன் அம்மாவின் முறை வந்தது. பசு சினைப்பட்டதா என்று கேட்டார். அவள் பொத்தானை அழுத்தியதும் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது, ஓடுகிற சத்தமல்ல, நின்ற இடத்திலேயே நின்று உறுமுகிற சத்தம். ஆற்றின் நடுவிலே இருக்கேன் தாத்தா, பசு நல்லா இருக்கு என்று அவள் மரியாதையாகப் பதில் சொன்னாள். அப்போதுதான் மேலே மணல் தடுப்பணையில் வெள்ளம் வருகிறதா என்று காவல் இருக்கும் ஜார்வோ குறுக்கே வந்தான். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் பெரியவருக்குப் பேரன் வயது. மன்னிக்கணும், பெரியவங்க பேச்சுல குறுக்க வர்றேன், அனுமதி உண்டா என்றான். அனுமதி கொடுத்த பெரியவர், நீ யார் மகன், சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் தாத்தா, உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு என்று கேட்டான் ஜார்வோ. கேட்காமல் அவனால் இருக்க முடியாது, புஜியாத்தி. நம் ஊரில் யாராலும் முடியாது. முழங்கால் விவரம் கொஞ்சம் நீளமானது. நான் என் பொத்தானை அழுத்தினேன், சுமார்சி ஓடு என்று உன் அம்மாவிடம் கத்தத்தான் அழுத்தினேன், என் வாயிலிருந்து வந்தது, மன்னிக்கணும், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாமா என்பது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அதில் கீச்சென்ற சத்தம்தான் வரும், அதுதான் வந்தது.

கீச்சு நின்ற இடைவெளியில் உன் அம்மாவின் குரல் கேட்டது. "தாத்தா, வாய மூடுங்க. ஜார்வோ, தண்ணி வருதாடா?"

"வருது அக்கா. பெருசு."

அதோடு சரி. அதன்பிறகு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டேன், இந்த முறை எந்த மரியாதையும் இல்லாமல் கூப்பிட்டேன், பதில் இல்லை. அலைவரிசையில் பெரியவர் மட்டும், இப்போது என்னை யாரோ ஏதோ சொன்னார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆறு வந்தது. நூறு லாரி ஒன்றாகக் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம், தரை அதிர்ந்தது, கொட்டிலில் பசுக்கள் கயிற்றை இழுத்தன. நான் கரைக்கு ஓடினேன். சாம்பல் நிறத்தில் பாறைகள் மிதந்து போனதைப் பார்த்தேன், அவற்றோடு ஒரு புல்கட்டும் போனது. நம் கயிறு போட்ட புல்கட்டு. அதன்பின் பொழுது சாயும்வரை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, கரையில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார்கள். உன் அம்மா புல்லை உதறிவிட்டு அந்தக் கரைக்கே வண்டியைத் திருப்பி ஏறியிருக்கிறாள். ஏறின வேகத்தில் ரேடியோவின் ஒயர் பிடுங்கிக்கொண்டுவிட்டது. கீழ்ப்பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு இருட்டியபின் வந்து சேர்ந்தாள். பசுவுக்குத் தண்ணி காட்டினியா என்று கேட்டாள். காட்டவில்லை.

மறுநாள் சர்க்கரையும் தேயிலையும் எடுத்துக்கொண்டு பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் ரொம்ப நாகரிகமாக நடந்துகொண்டார். "நேத்து ரேடியோல ஒரே இரைச்சல். எனக்கு ஒண்ணுமே கேக்கலயே சுமார்சி" என்றார். அங்கிருந்த எல்லோரும் ஆமாம், ஒரே இரைச்சல் என்றார்கள். ஜார்வோவும் சொன்னான், நானும் சொன்னேன். எதுவும் கேட்காதபடியால் எதையும் மாற்ற வேண்டிய அவசியம் ஊருக்கு ஏற்படவில்லை. மத்தியான நலவிசாரிப்பு வழக்கம்போல நடக்கிறது. பொத்தானை மட்டும் நான் இடப்பக்கம் மாற்றிவிட்டேன், வெளியே தெரியாமல் துணி சுற்றியிருக்கிறேன். எனக்குத்தான் இப்போதெல்லாம் சரியான தூக்கம் இல்லை. தூரத்தில் லாரி போனாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் உன் அம்மா கேட்பாள், மழை முடியும்வரை பசுக்களை உன் சித்தப்பா வீட்டில் விடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

நீ சாலையில் போகும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதே. அங்கே ஆபத்தைக் கண்டால் யாருடைய அனுமதியும் கேட்காமல் கத்து, நான் கற்றுக்கொடுத்ததை அந்த ஒரு இடத்தில் மட்டும் மறந்துவிடு. நாங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், அழகுக்கு வெளியே போடாதே. இறைவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும் அப்பா,
பிராவோத்தோ

பின்குறிப்பு: படுகையில் இறங்கி ஏறும் பாதையை ஆறு கொண்டுபோய்விட்டது. கீழ்ப்பாலத்தையும் நேற்று மூடிவிட்டார்கள். உன் அம்மா இப்போது மலைக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்பாலம் வழியாகப் புல்லுக்குப் போகிறாள். இடையில் மேடு மறைப்பதால் அங்கே ரேடியோ எடுப்பதில்லை.