நாலாம் பாத்தித் தழை

இன்று காலை கொல்லையில் வெள்ளரித்தழைச் செடியின் பூங்காம்புகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கை முழுக்க வெள்ளரிப்பிஞ்சு வாசம். கழுவ மனம் வராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் வேலை பார்த்த பண்ணையில் அந்தச் செடிக்குப் பர்னெட் என்று பெயர். நம் நாக்கில் அது நிற்காததால், கடித்தால் வெள்ளரி போல இருக்கிறதென்று நீதான் வெள்ளரித்தழை என்றாய். மாரண்டஹள்ளிக்கு வெளியே பச்சை வலைப்பந்தலின் கீழ், பெங்களூரு ஓட்டல்களுக்காக அதை வளர்த்தார்கள். வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும் செடி. வெயிலைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். பூவிட்டால் இலை கசந்துபோகும் என்று, தினமும் ஒன்றைத் தின்று பார்த்தே நீ கண்டுபிடித்தாய். ஓட்டலில் அதை வேகவைக்க மாட்டார்கள், பச்சையாகவே தட்டில் வைப்பார்கள் என்று வேன் டிரைவர் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து பாத்தியில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தாய். எங்களையும் விடவில்லை.

பூச்சிமருந்து அடித்த பாத்தியில் பத்து நாளைக்கு அறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. மறந்துவிடாமலிருக்கப் பாத்தி முனையில் சிவப்பு நாடா கட்டுவோம்.

இரண்டு நாள் லீவு முடிந்து நீ வந்த அந்த வெள்ளிக்கிழமை, நாலாம் பாத்தியில் நாடா இல்லை. ஏதோ கல்யாண ஆர்டராம், அதையும் சேர்த்து அறுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். நீ குனிந்து ஒரு தழையைத் திருப்பிப் பார்த்தாய், முகர்ந்தாய். நேராக என்னிடம் வந்தாய்.

"இதுக்கு மருந்து அடிச்சாங்களா புள்ள?"

"தெரியல" என்றேன்.

எனக்குத் தெரியும். முந்தாநாள் அசுவினிப் பூச்சி விழுந்திருக்கிறதென்று சூப்பர்வைசர் மருந்து அடித்தபோது, பின்னால் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். காலையில் அவர் நாடாவை அவிழ்த்து டவுசர் பையில் போட்டதையும் பார்த்தேன். "நீ ஒன்னும் கண்டுக்காத" என்றார். என் வீட்டுக்காரர் கால் முறிந்து கிடந்த சமயம். இந்த வேலையும் போனால் என்ன ஆவது என்பதைத் தவிர என் புத்தியில் ஒன்றுமில்லை.

பிளாஸ்டிக் கிரேட் பெட்டிகள் நாலு நிறைந்தன. நீ மட்டும் அந்தப் பாத்தியில் கை வைக்கவில்லை. வேனில் ஏற்றும்போது கதவருகே போய் நின்றுகொண்டு சூப்பர்வைசரிடம் சொன்னாய்.

"சார், இந்த நாலு கிரேடு வேணாங்க. மருந்து வாடை அடிக்குதுங்க."

"யார் சொன்னது? அதுக்கு அடிக்கவே இல்ல. தள்ளு."

"அடிக்கலீங்களா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"அப்ப நான் தின்னு காட்றேங்க" என்று கிரேடிலிருந்து ஒரு கைப்பிடி தழையை அள்ளினாய். அவர் உன்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். தழை உன் வாய்க்கு வந்துவிட்டது. நான் எப்படி ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியாது. உன் கையைத் தட்டிவிட்டேன்.

"தின்னாத. அடிச்சிருக்கு. நான்தான் ஓஸு புடிச்சேன்."

டிரைவர்தான் இறங்கி வந்து, "எனக்கு வேணாங்க சார், நாளைக்கி எதாச்சும்னா என்னையத்தான் கேப்பாங்க" என்று அந்த நாலு கிரேடையும் தரையில் இறக்கி வைத்தார். குப்பைக்குழியில் கொட்டினோம். மாலையில், மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று நம் இருவருக்கும் சொல்லிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நீ என்னோடு பேசவில்லை. வேலை போனதற்கா, நான் முதலில் மறைத்ததற்கா என்று புரியவில்லை. பஸ் வரும் நேரத்தில் கேட்டேன், "நெசமாவே தின்னிருப்பியா?"

"தின்னிருப்பேன். அப்புறம் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

மூன்று மாதம் நீ என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணையிலிருந்து முன்பே கேட்டு வாங்கி உன் வீட்டில் நட்டிருந்த வெள்ளரித்தழையை வேரோடு பிரித்து, பாதியை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாய். "மோருல நறுக்கிப் போட்டா நல்லாருக்குது. எங்கூட்டுக்காரரு மாட்டுத் தீவனம்னு சொல்றாரு" என்றாய். அன்று இருவரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். பண்ணையைப் பற்றி நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க இன்னொரு நாள் வாய்க்கும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது உழவர் சந்தையில் என் அண்ணன் தோட்டத்துக் காயை விற்கிறேன். போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் பீன்ஸை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டே, "மருந்து எப்ப அடிச்சதுங்க?" என்று கேட்டாள். அண்ணன் பக்கத்திலேயே நின்று என்னை முறைத்தார்.

"நேத்து அடிச்சதும்மா. இது உனக்கு வேணாம்" என்றேன். முறத்திலிருந்த பீன்ஸைத் திரும்பக் குவியலில் கொட்டினேன். உன்னைப் போல அவளையும் இரண்டாவது முறை கேட்க நான் வைக்கவில்லை.