கூடத்தில் ஓடிய பேருந்து

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உங்கப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதுமே தனிக்குடித்தனம் நடத்துகிற உறுப்பு, அதை விடு. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் அளவோடு குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனிலேயே சொல்லக் கூடாதா, காகிதம் எதற்கு என்று கேட்பாய். போன் என்றால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார். ஒரு மனிதரைப் பற்றி அவர் எதிரிலேயே புறம் பேசுகிற அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். டிவியோடு சேர்த்து சீரியல் பார்க்க மலிவாகச் சின்னக் கம்ப்யூட்டர் எது வாங்கலாம் என்று உன்னைக் கேட்டேனே, அது பொய். உங்கப்பாவிடம் சொன்னதும் அதே பொய்தான், உனக்குத் தனியாக ஒன்று சொல்லவில்லை. அந்தச் சைக்கிள்காரர் உங்கப்பா ஓட்டிய பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து கால் முறிந்த நாளிலிருந்து இவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும். இவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள், அந்த மனிதரும் இப்போது நன்றாக நடக்கிறார், நாங்களே போய்ப் பார்த்தோம், எங்களுக்குக் காப்பியும் கொடுத்தார். இருந்தாலும் இவருக்கு வண்டிச் சாவியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்தது. உனக்குத் தெரியாதது என்னவென்றால், டிப்போவிலிருந்து ஒரு தாள் வந்தது. லீவு முடிவதற்குள் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி வண்டியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிரந்தரமாக டிக்கெட் கவுண்டருக்குள் போய்விட வேண்டும். தாள் வந்தது தெரியாமலே, கவுண்டர்லயே உட்காருங்கப்பா, நிம்மதி என்று நீ அக்கறையில்தான் சொன்னாய். அவரும் சரி சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமலே டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், தூசு தட்டும்போது கண்டுபிடித்தேன். கவுண்டர் பிடித்திருந்தால் ஒரு பேனாவா கிடைக்காமல் போகும்?

அந்த வாரம்தான் நான் வேலை பார்க்கிற கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். டிபன் டப்பா அளவுதான் ஒவ்வொன்றும், மானிட்டர் முதுகில் உப்புமூட்டை ஏறியிருக்கும். பழசை ஒரு ஜோடி நல்ல செருப்பு விலைக்கு எங்களுக்கே கொடுத்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவர், பெரிய சண்டை விளையாட்டெல்லாம் இதுல ஓடாதுக்கா, பழசா ஏதாவது, படத்தோட தரத்தைக் குறைச்சு வெச்சா ஓடும் என்றார். எங்கள் வீட்டில் சண்டைக்கு யாரும் கம்ப்யூட்டரை நம்பி இல்லை, பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தால் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். நீ காலுறைக்குள் சுருட்டி அலமாரியில் விட்டுப்போன விளையாட்டுக் கன்ட்ரோலர் இருந்தது. டிவி ரிமோட்டுக்குக் காது முளைத்த மாதிரி இருக்கிறதே என்றார் உங்கப்பா, சொல்லிவிட்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நான் ஓட்டினேன். முதல் நாள் பஸ்ஸை ஒரு நீரூற்றுக்குள் இறக்கினேன், அடுத்த நாள் ஒரு பேங்கின் படிக்கட்டில் ஏற்றினேன். அவரைச் சீண்டுவதற்காக நடித்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான், சத்தியமாக நடிக்கவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் கைக்கு வந்துவிட்டது, அன்றைக்குத்தான் நடிக்க வேண்டியிருந்தது. பேப்பருக்குக் கீழே எட்டிப் பார்த்தால், உங்கப்பாவின் வலது கால் மிதியடி மேல் பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஒரு பள்ளிக்கூட வாசலை நெருங்கியபோது பேப்பர் கீழே விழுந்தது. "கொண்டா அத. உள்ள ஆளுங்க இருக்காங்க" என்று பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

நீ பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டுதான் டிவி முன்னால் உட்காருவார். பெட்டிக்குப் பாரம் வேண்டாம் என்று விளையாட்டுப் படத்திலிருந்து நிழல்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தோம், இந்த ஊர்ல ஒருத்தருக்கும் நிழல் இல்லையே, பேய் ஊரா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பேய்க்கும் மஞ்சள் விளக்கில் வண்டியை நிறுத்தினார். கிளம்பும் முன்பு சோபா பக்கம் திரும்பி, எல்லாரும் உட்கார்ந்தாச்சா என்பார். எல்லாரும் என்றால் நான்தான். பிறகு மேல் வீட்டுத் தையல்காரியும் சேர்ந்துகொண்டாள். அவள் வாயைப் பற்றி உனக்கே தெரியும், அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. மருமகள் அவளோடு பேசுவதில்லையாம், அது தனிக் கதை, நேரில் வா சொல்கிறேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, என் கைவேலைதான் கெடுத்தது. பெட்டி மேல் தூசு படிகிறதே என்று, நான் பின்னிய பூப்போட்ட துணியை நாலு பக்கமும் இழுத்து மூடி வைத்தேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அன்றைக்கு உங்கப்பா ஒரு திருப்பத்தில் வரும்போது குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார், அந்த நொடியில் டிவி இருட்டாகிவிட்டது. பெட்டி மூச்சு முட்டி, சூடேறி, நின்றுவிட்டது. பஸ் நின்றதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கன்ட்ரோலர் மடியிலிருந்து நழுவியதைக்கூட எடுக்கவில்லை. துணியால் வந்த வினை, வண்டி நின்றிருக்கும், நான் பார்த்தேன் என்று சொன்னேன். "நீ எங்கிட்ட வேற என்ன சொல்லுவ" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். கண்ணா, அந்தத் துணியை நான் என்ன செய்தேன் என்று கேட்காதே, அதில் இப்போது அடுப்படி துடைக்கிறேன்.

நாலு நாள் பெட்டி பக்கமே வரவில்லை. தாள் டிவிக்குப் பின்னால் இருந்து மேஜைக்கு வந்துவிட்டது, பக்கத்தில் பேனாவும் வந்துவிட்டது. நான் பேனாவை ஒளித்து வைத்தேன், வேறு பேனா வந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம், அதுவரை ஊருக்குப் போயிருந்த தையல்காரி வழக்கம்போல வந்து சோபாவில் கையில் பையோடு உட்கார்ந்தாள், நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, நான் ஒருமுறையாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சி. "என்னண்ணே, வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். உங்கப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிட அவருக்கு வராது. எழுந்துபோய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

அதே திருப்பம். அதே சைக்கிள் இல்லை, ஆனாலும் ஒரு சைக்கிள் வந்தது. நான் சோபா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நின்றது. சைக்கிள் கடந்து போனது, அதன்பின் ஒரு நாய் போனது, ஒரு குடைக்காரர் போனார், உங்கப்பா வண்டியை எடுக்கவே இல்லை. பின்னால் நிழலில்லாத கார்கள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. கடைசியில் தையல்காரி, "அண்ணே, பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு, நான் போய் ரவிக்கைக்கு ஊக்கு வெக்கணும்" என்றாள். உங்கப்பா சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு, அதை அவள் கணக்கில் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

போன வியாழக்கிழமை ஓட்டிக் காட்டினார். மிகவும் மெதுவாக ஓட்டுகிறார் என்று அதிகாரி எழுதிவிட்டு, தேறினார் என்றும் எழுதிவிட்டார். நேற்றுதான் இவர் மறுபடி எடுத்த முதல் வண்டி. நான் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது நிறுத்தத்தில் ஏறினேன், டிக்கெட் எடுத்தேன், கண்ணாடியில் என்னைப் பார்த்தும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நான் உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. வழியில் ஒரு சைக்கிளுக்கு இவர் விட்ட இடத்தில் ஒரு ஊர்வலமே போகலாம், அந்தச் சைக்கிள்காரருக்கே கோபம் வந்து கையை ஆட்டிவிட்டுப் போனார். இறங்கும்போது பார்த்தேன், சட்டை முதுகு நனைந்திருந்தது. பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டினார்.

இனி போனில் பேசும்போது கவுண்டர் பேச்சை எடுக்காதே, எந்த ரூட் என்று மட்டும் கேள். உன் கம்ப்யூட்டர் மேலும் மருமகள் எதையாவது மூடி வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல், என் பெயரைச் சொல்லாமல் சொல். ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இருவரும் வழுக்காத வழியில் நடந்து, நினைத்தது கைகூடி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

சொல்ல மறந்தேனே, பெட்டி சூடாகிறது என்று போனில் சொன்னபோது, பெட்டிக்கு அடியில் காற்றுப் போக ஏதாவது வைத்துத் தூக்கிவிடு என்று சொல்லியிருந்தாய் அல்லவா, உங்கப்பா வைத்துவிட்டார். நாலாக மடித்த ஒரு தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக வெளியே தெரிகிறது.

இப்படிக்கு,
வண்டி எடுக்கும் முன்பே உட்கார்ந்துவிடுகிற,
உன் அம்மா