ஒரே அளவில் இரண்டு மீன்கள்

ஜூன் 3

முசுட்டுத் தம்பிக்கு,

அம்மா நலம். நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். உன் கோமாளி மீன்கள்தான் சரியில்லை. உடம்பில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. உப்புத் தண்ணீரைப் பாதி மாற்றிப் பார்த்தேன், கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால் எழுதுகிறேன். என்னடா செய்யட்டும்?

அன்பு அக்கா

ஜூன் 3

அக்கா,

"வெள்ளையாக ஏதோ" என்றால் எனக்கு என்ன புரியும்? உப்பைத் தூவியது போல் புள்ளியா, மாவு போல் பொடியா, சளி போல் படலமா? மூச்சு வேகமா? தின்கிறதா? பெரியது எப்படி, சின்னது எப்படி, தனித்தனியாக எழுது. வீடியோ கேட்டால் ஒரு மாதமாகக் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். கண் கெடவில்லையே. புது மீன் எதையாவது உள்ளே விட்டீர்களா? அதை முதலில் சொல்.

முசுடு

ஜூன் 4

தம்பி,

புது மீனா? சத்தியமாக இல்லை. சளி மாதிரிதான், தோல் நூல் நூலாக உரிகிறது. மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தீனியைத் தொடவில்லை. பெரியது சின்னது என்றாயே, இரண்டும் ஒரே அளவுதானே? ஓயாமல் ஒன்றையொன்று கடிக்கின்றன, உன்னையும் என்னையும் போல.

அக்கா

ஜூன் 4

அக்கா,

இப்படித் தோல் உரியும் நோய் கடலில் பிடித்துக் கடைக்கு வந்த புதுக் கோமாளி மீனுக்கு வருவது. என் ஜோடி ஐந்து வருஷமாக அந்தத் தொட்டியில் இருக்கிறது. அதில் பெண் மீன் ஆணைப் போல் இரண்டு மடங்கு. ஒரே அளவில் கடித்துக்கொள்பவை ஜோடியே இல்லை, நேற்றுச் சந்தித்தவை.

என்னுடையவை எங்கே?

ஜூன் 5

தம்பி,

உன் மாமாவின் ஆபீஸ் மேலாளர் நம் வீட்டுக்கு வந்தார். உன் மீன்களைப் பார்த்ததும் பிடித்துப்போய்க் கேட்டார். மாமாவுக்கு மறுக்க வாய் வரவில்லை, எனக்கும்தான். போன மாதமே கொடுத்தாயிற்று. "மீன் மீன்தானே, அவனுக்கென்ன தெரியப்போகுது" என்று மாமாதான் இவற்றை வாங்கி வந்தார். நீ வருத்தப்படுவாயே என்றுதான் மறைத்தேன். அங்கே நன்றாக இருக்கின்றனவாம். கோபித்துக்கொள்ளாதேடா.

அக்கா

ஜூன் 5

அக்கா,

வந்தவை ஒரு பாவமும் செய்யவில்லை. இப்போதே சின்னத் தொட்டிக்கு மாற்று. காற்று பம்பை நிறுத்தாதே. கடைக்காரரிடம் ஃபார்மலின் மருந்து கேள், அளவை அவரே போடட்டும். நாளைக்குத் தள்ளினால் மீன் இருக்காது.

போன மாதம் முழுக்க "உன் மீன்கள் விரலைப் பார்த்ததும் ஓடி வருகின்றன" என்று எழுதினாய். யார் மீன், யார் விரல்? அதற்கு முந்தைய வரி எப்போதும் "அம்மா நலம்." கேமரா கெட்டதிலிருந்து அம்மா முகத்தையும் நான் பார்க்கவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவை டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். அதுவரை அம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதாதே. எழுதினாலும் நம்பப் போவதில்லை.