உனக்கு எதிராக நீ எழுதிய பத்து வரிகள்

மச்சான்,

இன்று காலை ஜெர்மனியிலிருந்து உன் பெயருக்கு ஒரு புத்தகம் வந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பொண்டியில் உன் தபால்பெட்டிக்குள் தடித்த வரலாற்று நூல்கள் நுழைவதில்லை என்று, நகருக்குள் லா சப்பலில் உள்ள என் முகவரியையே பதிப்பகங்களுக்குக் கொடுத்து வைத்திருந்தாய். நீ போய் ஏழு மாதமாகிறது. பதிப்பகங்கள் மதிப்புரையாளர்களை அவ்வளவு எளிதில் சாக விடுவதில்லை. உறையைப் பிரித்ததும் புதுப் பசையின் மணம்.

நாம் இருவரும் எழுதிய ஆய்விதழில் ஒரு வழக்கம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் எழுதிய வரலாற்றை ஜெர்மானியர் மதிப்பிடுவார். ஜெர்மானியர் எழுதியதைப் பிரெஞ்சுக்காரர். இரு நாட்டு அறிஞர்களும் உரையாட வேண்டுமாம். இரு தரப்பும் முகம் சுளிக்கக்கூடிய நூல் என்றால் உன்னிடம் வரும். யாழ்ப்பாணத்தான் எந்தப் பக்கமும் சாயமாட்டான் என்று நம்பினார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தை அறியார்கள்.

அப்படி வந்ததுதான் எல்லையோரச் சுரங்கத் தொழிலாளர் பற்றி ஒரு ஜெர்மன் பேராசிரியை எழுதிய நூல். பிரெஞ்சு ஆவணங்களை அவர் தொடவேயில்லை என்று எழுதினாய். எல்லாரும் மெச்சினார்கள். ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பித்தபோது அந்த மதிப்புரையைத்தான் முதலில் இணைத்தாய். நேர்முகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், நூலகத்தில் அச்சுப் பிரதியைப் புரட்டினாய். கடைசியில், பிரெஞ்சு ஆவணங்களுக்கென்றே நாற்பது பக்கப் பின்னிணைப்பு. மதிப்புரைக்காக, நூல் அச்சாகுமுன் உனக்கு வந்த மெய்ப்புப் படியில் அது இல்லை. இருக்குமோ என்று நீயும் கேட்கவில்லை.

அன்று ரூ பெர்தொனே தெருக் கடையொன்றில் பால் விடாத பிளேன்ரீ குடித்தபடி எனக்குச் சொன்னாய்.

"அவவே முறைப்பாடு செய்யேல்லை. நீ ஏன் துள்ளுறாய்?" என்றேன்.

"அவ பேசாமல் இருந்தால் நான் எழுதினது சரியாகிடுமோ?"

"விசரா உனக்கு? நேர்முகம் முடியட்டும், பிறகு எழுது."

"பிறகு எழுதினால் அது திருத்தமில்லை மச்சான். வேலை கிடைச்சவன்ர பெருந்தன்மை."

அன்று மாலையே பிரெஞ்சில் பத்து வரி, ஜெர்மனில் பத்து வரி எழுதி இதழுக்கும், மதிப்புரையை இணைத்திருந்ததால் நேர்முகக் குழுவுக்கும் அனுப்பினாய். 'நான் முழு நூலையும் படிக்கவில்லை' என்பது முதல் வரி. என் முப்பது ஆண்டு அனுபவத்தில் எந்த மதிப்புரையாளரும் அப்படி எழுதியதில்லை. படிக்காமல் எழுதியவர்கள் மட்டும் நிறையப் பேர்.

நேர்முகத்தில் உன் ஆய்வைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பத்து வரியைப் பற்றியே கேட்டார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. அவருடைய பிழைகள் இன்னும் வெளியாகவில்லை. நீ கடைசிவரை பொண்டியில் மணித்தியாலக் கூலிக்குப் பாடம் எடுத்தாய்.

ஆனால் அந்தப் பேராசிரியை உனக்குக் கடிதம் எழுதினார். நன்றி இரண்டே சொல். மீதியில், தம் மூன்றாம் அதிகாரத்தில் நீயும் கவனிக்காத, வேறெவரும் கவனிக்காத ஒரு பிழையைத் தாமே விளக்கியிருந்தார். ஐரோப்பிய வரலாற்றாளர் உரையாடல் என்ற தலைப்பில் எத்தனையோ மாநாடுகளில் மதிய உணவு உண்டிருக்கிறேன். அந்த உரையாடலைக் கண்ணால் கண்டது அன்றுதான். கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, மடித்து உன்னிடம் திருப்பித் தந்தேன்.

இப்போதெல்லாம் ஒருவரை 'கவனிக்கத் தவறினார்' என்று எழுதுமுன், அச்சு நூலைக் கையில் வாங்கிக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறேன். மதிப்புரைகள் தாமதமாகின்றன, பழைய காரம் இல்லை என்கிறார்கள். இதை நேர்மை என்று நினைத்துவிடாதே. பிழை விட்டால் உன்னைப்போல் எழுதியாக வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை.