பத்துக்குப் பத்து

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே நானும் குட்டியும் உங்கள் தங்கையும் நலம். நீங்கள் அங்கே நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் நாலு பக்கக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, அதனால் கேட்கவில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பாலம் கட்டுகிற இடத்தில் பாதிப் பேச்சு காற்றோடு போகிறது, மீதியில் "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். இதை எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன். உங்கள் தங்கைக்குப் பரீட்சை முடிந்தது, அடுத்த மாதம் வரை இங்கேதான் இருப்பாள்.

நீங்கள் அனுப்பிய மெஷின் உடையாமல் வந்து சேர்ந்தது. சிடியை உள்ளே வைத்து மூடினால் நீல வெளிச்சம் போட்டு ஒன்றரை நிமிஷம் சுற்றுகிறது. குட்டி அதற்கு 'சிடி குளிக்கிற பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் சிடிகளையும் அதில் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எடுத்தால் புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்குமாம். இதைப் படித்த உங்கள் தங்கை, "அண்ணனுக்கு யாரோ நல்லா காது குத்திட்டாங்க அண்ணி" என்றாள்.

யாரோ இல்லை. ஸ்டோர் மேடம். உங்கள் சைட்டில் கம்பியும் சிமென்டும் எண்ணித் தருகிற அந்த அம்மாள்தான் மெஷினை வாங்கச் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சிடி மாற்றி மாற்றிப் போட, அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எது மெஷினில் வைத்தது, எது வைக்காதது என்று பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னாராம். 'இப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டோர் மேடம் உங்கள் கடிதத்தில் பதினொரு இடத்தில் வருகிறார். நான் ஒரே இடத்தில் வருகிறேன், அதுவும் உறையின் மேல்.

எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது. போன வருஷம் நீங்கள் ஸ்பீக்கருக்குத் தடிமனான ஒயர் வாங்கி மாட்டியபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றேன். "உனக்குக் காது போதாது" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள், நானும் சிரித்தேன். இப்போது காது போதிய ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று படித்தபோது சிரிப்பு வரவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சோதித்துப் பார்த்தேன். இதற்கு ஒரே மாதிரி இரண்டு சிடி வேண்டும். நம் வீட்டில் ஒரு ஜோடிதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நீங்கள் எனக்கும் நான் உங்களுக்கும், ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்கிக் கொடுத்த அதே புல்லாங்குழல் சிடி. நினைவிருக்கிறதா? உங்களுடையதை மெஷினில் வைத்தேன். என்னுடையதை அப்படியே விட்டேன்.

உங்கள் தங்கை காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் அது, தலை விழுந்தால் இது என்று போட்டாள். நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன். பத்துக்கு ஒன்பது சரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் காதுக்கு என்ன குறைச்சல் என்று உங்களுக்கு எழுதக் காகிதம்கூட எடுத்துவிட்டேன்.

ஆனால் எங்கள் பிஸ்கட் கம்பெனி லேபில் நான் ஒன்பது வருஷமாகச் செய்வது இதுதான் அல்லவா? மூன்று தட்டு வைப்போம், இரண்டில் வழக்கமான பிஸ்கட், ஒன்றில் புது மாவில் செய்தது. ருசி பார்க்கிறவர் வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டை நீட்டுகிறவருக்கு எதில் எது என்று தெரியவே கூடாது. தெரிந்தால் வாய் மூடியிருந்தாலும் முகம் சொல்லிவிடும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். நான் பாட்டைக் கேட்டேனா, உங்கள் தங்கையைப் பார்த்தேனா? மெஷினில் வைத்த சிடியைப் போடும்போதெல்லாம் அவள் சிரிப்பை அடக்க உதட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் கொடி கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டோம். பத்துக்கு ஐந்து. மறுபடி செய்தோம், பத்துக்கு நாலு. குட்டிக்கும் ஐந்து. காசைச் சுண்டிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். உங்கள் தங்கைக்கு ஒரே கொண்டாட்டம். அண்ணன் தோற்றுவிட்டான், ஸ்டோர் மேடம் டூப் என்று எழுதச் சொன்னாள்.

எனக்கும் கொஞ்ச நேரம் இனித்தது. பிறகு துணி காயப்போடும்போது ஒன்று உறைத்தது. சிடியை மாற்றியது நீங்கள். உங்களுக்கு எது எது என்று தெரியும். நல்ல இடம் வருகிறது என்று நினைத்தால் உங்கள் இடது புருவம் கொஞ்சம் ஏறும், கட்டைவிரலைத் தேய்ப்பது நின்றுவிடும். அது உங்களுக்கே தெரியாது. கூடவே வளர்ந்த உங்கள் தங்கைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் பதினொரு வருஷமாக நான் பாட்டைக் கேட்டதைவிட உங்கள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த அம்மாளோ உங்கள் எதிரே உட்கார்ந்து பத்துக்குப் பத்து சொல்லியிருக்கிறார். நான் உங்கள் தங்கையைப் பார்த்தே ஒன்பதுதான் எடுத்தேன்.

அவர் மேல் பழி போடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது, காதால் கேட்டதாகத்தான் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள். இந்தத் தடவை அவருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். நடுவில் ஒரு போர்வை கட்டினால் இன்னும் நல்லது. வரும் எண்ணை மட்டும் எழுதுங்கள், வேறொன்றும் வேண்டாம். மறுபடி பத்து வந்தால் இருநூறு சிடியையும் மெஷினில் போட்டு, துடைத்து, அடுக்கி வைக்கிறேன். எனக்குக் காது போதாது என்று நானே ஊரெல்லாம் சொல்கிறேன்.

ஐந்தோ நாலோ வந்தால், லீவு கிடைத்ததும் முதல் வண்டியில் வீட்டுக்கு வாருங்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சாரத்தில் ஏறும்போது ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். என் காதும் குட்டி காதும் சேர்ந்து பொய்யாகிப் போகட்டும், அந்த மெஷின் உண்மையாக இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காது போதாத உங்கள் மனைவி