ஊர்ப்பெயர் இல்லாமல் இனி ஓடாது

என் பிரியமான பரமேசு மச்சாள்,

செத்த பிறகும் உன்மேல் கிடந்த பழி இன்று எல்லோர் முன்னாலும் நீங்கியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உடையார்கட்டில் நம் நிவாரணக் கந்தோரில் அதே யூனிக்ஸ் கணினிதான். சண்டையில் ஒரு ஊர்ச் சனம் இடம் மாறினால் அவ்வூர் நிவாரணப் பட்டியலை நீக்க நீ எழுதிய கட்டளையும் இருக்கிறது. கட்டளைக்குப் பின்னால் ஊர்ப்பெயர் அடிக்காவிட்டால் எல்லா ஊரும் அழியும். அதைத் தடுக்கும் வரியைச் சேர்க்க ஒரு நாள் கேட்டாய். "நேரமில்லை, அப்பிடியே விடுங்கோ" என்றார் அதிகாரி.

மறுவாரமே மொத்தப் பட்டியலும் போனது. அரிசிக்கு வந்து நின்ற சனம், நீதான் அழித்தாய் என்று உன்னை ஏசியது. மலேரியாக் காய்ச்சலில் கிடந்தபோதும், "நானே மச்சாள் அழிச்சனான்?" என்று கேட்டாய்.

நான் விடவில்லை. தட்டச்சுக்காரிகளான நமக்குக் கணினியை யார் சொல்லித் தந்தது? அட்டை போன கைநூலை மறுபடி படித்தேன். ஒரே வரிதான். முதலில் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்ற சோதனை. அடுத்து ||, இரண்டு நிமிர்ந்த கோடுகள். சோதனை தோற்றால் மட்டுமே கோடுகளுக்கு அப்பால் உள்ளது நடக்கும்: 'ஊர் எங்கே?' என்று ஆங்கில எழுத்தில் கேட்டுவிட்டு, எதையும் தொடாமல் நின்றுவிடும். அனுமதி கேட்காமல் சேர்த்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்களா?

இன்று அதிகாரி தானே கணினியில் உட்கார்ந்தார். நாங்கள் மறுபடி அடித்து ஏற்றிய ஜெயபுரம் பட்டியலைத் திரையில் பார்த்தார். பிறகு நீக்கும் கட்டளையை மட்டும் அடித்தார். கணினி ஊர் கேட்டு நின்றது.

"என்ன இது, புதுசாக் கேக்குது?"

"ஊர்ப்பேர் எங்கை சேர்?"

"மேலை ஜெயபுரம் எண்டு கிடக்குதே! படிவத்திலை வெறுமையா விட்டால் மேற்படி எண்டுதானே அர்த்தம்?"

முப்பது வருடம் படிவம் நிரப்பிய கை, மச்சாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அடிச்சனீங்களோ?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "ஓம் அக்கா. இப்பிடித்தான்."

உன்னை அதிகமாய் ஏசிய செல்லம்மா வரிசையில் நின்று கத்தினாள்: "பெட்டிக்கு விளங்குது, சேருக்கு விளங்கேல்லை!" கந்தோரே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கடதாசியை நீட்டினேன். "பட்டியலை அழித்தது பரமேஸ்வரி அல்ல, நான்" என்று எழுதி ஒப்பமிட்டார். அதை வாசலில் ஒட்டியிருக்கிறேன். அரிசி வாங்க வந்த சனமெல்லாம் வாசித்துவிட்டுத்தான் போனது.

கந்தோர் எங்கே இடம்பெயர்ந்தாலும் அந்த வரியும் கடதாசியும் கூட வரும். என் கை இருக்கும்வரை இரண்டையும் ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

உனக்காக யாருக்கும் பணியாத
உன் மச்சாள் நாகம்மா