ஐந்து மணிக் குளியல்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று நான் சொல்ல வந்ததை நீங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் முதியோர் இல்லத்தில், குளிக்கக் கூப்பிட்டாலே அடிக்க வருவாரே ஒரு பெரியவர், அவர் ஃபைலில் இரண்டு வருஷமாக ‘முரண்டு பிடிப்பவர்’ என்றுதான் இருந்தது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன்.

“பேக்கரியில ராத்திரி பூரா ரொட்டி சுட்டுட்டு, விடிஞ்சப்புறம் தூங்கியே பழகினவன்மா நான். காலையில எட்டு மணிக்குத் தண்ணிய ஊத்தினா கோவம் வராதா?” என்றார்.

அந்த வரியை அடித்துவிட்டு, ‘சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளிப்பார்’ என்று எழுதினேன். நேற்று மணி ஐந்தடிக்கும் முன்பே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்து நிற்கிறார்! இன்றைக்கு ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் இதைப் பேசச் சொல்லி மேட்ரன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வெறும் ஆயா வேலை என்றீர்களே, அந்த ஆயாவைத்தான்.

பி.கு.: “அங்க எல்லாரையும் கேக்கிறே, என்னை என்னைக்காவது கேட்டியா?” என்று நேற்று என் பேச்சை வெட்டினீர்கள். நியாயம்தான். பதினெட்டு வருஷமாக உங்கள் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போடுகிறேன். சரியா, அதிகமா? பின்பக்கம் எழுதி வையுங்கள். உங்கள் ஃபைலிலும் ‘முரண்டு பிடிப்பவர்’ என்பதை அடித்துவிடுகிறேன்.